கால் எட்டும் தூரம்

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் விழுந்ததே இல்லை. விழுந்ததெல்லாம் நின்றபோதுதான்.

முதல் தடவை கிள்ளான் மேரு சாலையில், ஒரு சமிக்ஞை விளக்கில். சிவப்பு விழுந்தது. பிரேக் பிடித்தேன். மோட்டார் ஒழுங்காகத்தான் நின்றது. இடது காலைக் கீழே இறக்கினேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை.

நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் லோங்காங்குக்கு வடிய வேண்டும் என்று சாலையின் ஓரத்தைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். ஓரமாக நின்றால் இடது காலுக்குத் தரை இரண்டு விரற்கடை கீழே இருக்கும். கப்சாய் ஓட்டிய பத்து வருடத்தில் இதை நான் கவனித்ததே இல்லை. கவனிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது அந்த இரண்டு விரற்கடை என் காலில் இல்லை. கிட்டத்தட்ட 200 கிலோ எடையுள்ள மோட்டார் மிக மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. ஓரளவு சாயும்வரை பிடித்து நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் செய்யக்கூடியது ஒன்றுதான், அடியில் மாட்டாமல் காலை எடுத்துக்கொள்வது. அதைச் செய்தேன்.

உணவு விநியோகம் செய்யும் மலாய் இளைஞர் ஒருவரும், பின்னால் காரிலிருந்து இறங்கி வந்த ஒரு சீனரும் மோட்டாரைத் தூக்கி நிறுத்தினார்கள். முட்டியில் லேசான சிராய்ப்பு, கிளட்ச் பிடியின் முனை வளைந்திருந்தது, அவ்வளவுதான். அந்த இளைஞர் மோட்டாரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “காக், இனி மோத்தோ சியாப்பா?” என்று கேட்டார். அக்கா, இது யாருடைய மோட்டார்?

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முட்டி எரிந்ததைவிட அதுதான் எரிந்தது. “தம்பியோடது” என்று பொய் சொன்னேன். மலாயில் சொல்லும்போது அந்தப் பொய் இன்னும் சுலபமாக வந்தது.

என் உயரம் 149 சென்டிமீட்டர். எடை 48 கிலோ. நான் வாங்கியது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. சென்னையில் செய்து வந்த வண்டி. பி2 உரிமத்தில் 250 சிசி வரைதான் ஓட்டலாம் என்பதால், இதற்காகவே மறுபடியும் பயிற்சிக்குப் போய் பி உரிமம் எடுத்தேன். அதன் இருக்கை தரையிலிருந்து 800 மில்லிமீட்டர். வாங்கும்போது அந்த எண்ணைப் படித்தேன். எண்பது சென்டிமீட்டர்தானே, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை உயரம்தானே என்று நினைத்தேன். மேசைமேல் யாரும் காலைப் பிளந்து உட்காருவதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா வாசலில் நின்று பார்த்தார். மோட்டாரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “விரலுக்கேத்த வீக்கம் வேணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா என்னைவிட உயரம் குறைவு. அவரிடமிருந்துதான் எனக்கு இந்த உயரம் வந்தது. அதனால் அவர் சொன்னது எனக்கு மட்டும் சொன்னதாக இல்லை, எங்கள் இருவரையும் சேர்த்துச் சொன்னதாகவே கேட்டது.

விழுந்த பிறகுதான் என்னை நானே அளந்தேன். அளக்க வேண்டியது ஆளின் உயரத்தை அல்ல, காலின் உட்புற நீளத்தை. சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கிடையில் ஒரு தடித்த புத்தகத்தை மேலே ஒட்டினாற்போல் வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். வீட்டிலிருந்த தடித்த தமிழ் நாவல் ஒன்றுக்கு அன்றுதான் முழுப் பயன் கிடைத்தது. 67 சென்டிமீட்டர். 80லிருந்து 67 போனால் 13.

ஆனால் அந்தக் கழித்தல் கணக்கு சரியில்லை என்று பிறகு தெரிந்தது. 800 என்பது ஆள் ஏறாத மோட்டாரின் அளவு. ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி இருக்கை இறங்கும். எண்பது கிலோ ஆளுக்கு நன்றாக இறங்கும். 48 கிலோவுக்குக் கொஞ்சம்தான். ஆக, கால் நீளமானவருக்கு வளைந்து கொடுக்கிற மோட்டார் எனக்கு அவ்வளவு கொடுப்பதில்லை. அடுத்தது இருக்கையின் அகலம். கால் நேராகக் கீழே போகாது; இருக்கையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டுதான் இறங்கும். அகலமான இருக்கை, உயரத்தை மாற்றாமலேயே காலைக் குட்டையாக்கிவிடும். தடித்த அடியுள்ள பூட்ஸ் போட்டால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் கியர் காலுக்குச் சரியாகத் தட்டுப்படாது.

மோட்டாரை இறக்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன். இறக்குவது என்று இங்கே எழுதுகிறேன். பட்டறையிலும் ‘கீழ எறக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். யாரும் தாழ்த்துவது என்று சொல்வதில்லை. தாழ்த்துவது என்றால் நமக்கு வேறு அர்த்தம். மலாயிலும் அப்படித்தான், ‘மெரெண்டாக்கான்’ என்பது ஒரு பொருளைக் கீழே இறக்குவதையும் குறிக்கும், ஓர் ஆளை மட்டம் தட்டுவதையும் குறிக்கும். பள்ளிக்கூடத்தில் வரிசையில் எப்போதும் முதலாவதாக நின்றவள் நான். ‘கட்டை’ என்ற சொல்லை எத்தனை விதமான குரல்களில் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும். மோட்டாரை என் மட்டத்துக்கு இறக்குகிறேன் என்று நினைக்கவே எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சந்தோஷத்தை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் போன பட்டறையில் வேலை அரை நாளில் முடிந்தது. பின் அப்சோபரையும் பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மையும் இணைக்கிற சிறிய உலோகத் துண்டுகள் உண்டு. எலும்பு வடிவத்தில் இருப்பதால் ‘டாக் போன்’ என்பார்கள். அவற்றைக் கழற்றிவிட்டு வேறு நீளத்தில் போட்டால் பின்பக்கம் இறங்கும். அங்கே சில மில்லிமீட்டர் மாற்றினாலே இருக்கையில் சில சென்டிமீட்டர் தெரியும். எனக்கு 40 மில்லிமீட்டர் இறக்கிக் கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டன. அன்றிரவு வேலை இல்லாமலேயே இரண்டு முறை வெளியே போய் எல்லாச் சமிக்ஞை விளக்கிலும் நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் அப்படிப் போனது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு விளக்கடித்தார்கள். பின்பக்கம் மட்டும் இறங்கியதால் முன்பக்கம் நிமிர்ந்து, என் விளக்கு அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உலு யாம் வளைவுகளில் மோட்டார் நான் நினைத்த கோட்டில் திரும்பாமல் வெளிப்பக்கமாக நழுவியது. முன் ஃபோர்க்கின் சாய்வு கூடினால் அப்படித்தான், நேராகப் போவதற்கு நல்லது, திரும்புவதற்குச் சோம்பல். இவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மளிகைக்கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மோட்டார் இறங்கிவிட்டது, தொங்காட் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. அதனால் மோட்டார் சாய்ந்து நிற்காமல் கிட்டத்தட்ட நேராக நின்றது. ஒரு லோரி பக்கத்தில் போன காற்றுக்கு வலப்பக்கம் விழுந்து, யாருடைய இ.எக்ஸ்.5 மீதோ படுத்துக்கொண்டது.

இம்முறை யாருடைய மோட்டார் என்று யாரும் கேட்கவில்லை. இ.எக்ஸ்.5இன் சொந்தக்காரர், வயதான ஒருவர், வெளியே வந்து கேட்டது வேறு. “ஏம்மா, கப்சாய் இருக்கறப்ப எதுக்கு இது?”

நியாயமான கேள்வி. நான் அதை யோசித்திருக்கிறேன். 1958இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோது, காலைத் தூக்கிப் போடாமல் முன்னாலிருக்கும் இடைவெளி வழியாக நுழைந்து ஏறுகிற மாதிரிதான் அதைச் செய்தார்கள். பாவாடை கட்டியவரும் ஏறலாம், ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு வைத்திருப்பவரும் ஓட்டலாம். உலகத்தில் பத்து கோடிக்கும் மேல் அந்த வகை மோட்டார்கள் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த நாட்டில் பால்மரத் தோட்டத்திலும் மீன் சந்தையிலும் தொழிற்சாலை வாசலிலும் நிற்பது அதன் பேரப்பிள்ளைகள்தாம். அப்பா வைத்திருந்ததும் ஹோண்டா சி70. அம்மா அதன் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தே இருபது வருடம் பயணம் செய்தவர். கப்சாய் நம்மை எந்த அளவும் கேட்பதில்லை.

ஆனால் எனக்குப் போக வேண்டியிருந்த இடம் வேறு. கோல சிலாங்கூர் பக்கம் அம்மா பிறந்த தோட்டம் இருக்கிறது. இப்போது முழுக்கச் செம்பனை. லயங்கள் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். கடைசி சில கிலோமீட்டர் செம்மண் சாலை. குலை ஏற்றும் லோரிகள் உழுது வைத்த பள்ளங்கள். மழை பெய்தால் தம்பியின் கார் பாதியிலேயே நின்றுவிடும். என் கப்சாயின் அடிவயிறு அங்கே இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறது. ஹிமாலயனை நான் வாங்கியது இதற்காகத்தான். அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 220 மில்லிமீட்டர். முன்சக்கரம் 200 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். சக்கரம் அவ்வளவு ஏறி இறங்க வேண்டுமென்றால், அந்த இடத்தை விட்டுவிட்டு மேலேதான் இருக்கையை வைக்க முடியும். அந்த உயரம் யாரையும் விலக்கி வைக்க வந்ததல்ல. பள்ளத்துக்காக விட்டு வைத்த இடம். நான் 40 மில்லிமீட்டர் இறக்கியது அந்த இடத்திலிருந்துதான். சமிக்ஞை விளக்கில் கால் பட வேண்டுமென்று, எந்தச் சாலைக்காக வாங்கினேனோ அதை விற்றிருந்தேன்.

காப்பாரில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் அனுப்பி வைத்தார். அறுபது வயதிருக்கும். மோட்டாரைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஏறி உட்காரச் சொன்னார், எம்பி எம்பிக் குதிக்கச் சொன்னார், பின்னால் அவரே ஏறிக்கொண்டு இன்னொரு முறை குதிக்கச் சொன்னார். உள்ளே டயர் மட்கார்டில் உரசுகிற சத்தம் கேட்டது.

“கேட்டிச்சா?”

“கேட்டிச்சிண்ணே.”

“எங்க விழுந்தீங்க? நிக்கிறப்பவா, ஓடறப்பவா?”

“நிக்கிறப்ப.”

“வேலைக்குப் போக எவ்ளோ நேரம்?”

“நாப்பது நிமிசம்.”

“அதுல நிக்கிறது?”

கூட்டிப் பார்த்தேன். எல்லா விளக்கும் சேர்த்து ஏழு நிமிடம் இருக்கலாம்.

“அந்த ஏழு நிமிசத்துக்காக மிச்ச முப்பத்து மூணு நிமிசத்தக் கெடுத்து வச்சிருக்கீங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவருக்குச் சொல்வது சுலபம். அந்த ஏழு நிமிடத்தில்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஓடும்போது யாருக்கும் என் உயரம் தெரியாது. தலைக்கவசத்துக்குள் நான் யாராகவும் இருக்கலாம். நின்றால்தான் கால் தெரியும். இதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டபோதுதான் எனக்கே விளங்கியது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்துக்காக நான் 40 மில்லிமீட்டர் கேட்கவில்லை. பயத்துக்கு அதில் பாதி போதும். மீதி, யாருடைய மோட்டார் என்று இன்னொருவர் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

அண்ணன் என்னை மறுபடி ஏறச் சொன்னார். “ரெண்டு காலும் பட்டாத்தான் மோட்டார் நிக்கும்னு யாரு சொன்னா? ஒரு கால் போதும்மா. இடுப்ப இடது பக்கம் கொஞ்சம் தள்ளுங்க. வலது கால எடுக்காதீங்க, அது பின் பிரேக்க மிதிச்சிக்கிட்டே இருக்கட்டும்.” இடுப்பைத் தள்ளினேன். இடது பாதம் பாதிக்கு மேல் தரையில் இருந்தது. “நிக்கறதுக்கு முன்னாடியே எங்க கால் வைக்கப் போறோம்னு பாத்துக்கணும். பள்ளம் இருந்தா ரெண்டு அடி முன்னாடி நிக்கணும். ஓரத்துல கல்லு கட்டியிருந்தா அதுமேல வச்சிக்கலாம். நெட்டையா இருக்கறவன் இதெல்லாம் பாக்க மாட்டான். அதனாலதான் அவன் மண்ணுல விழுவான்.”

பிறகு என்னைக் கேட்டார். “எவ்ளோ எறக்கட்டும்? நீங்கதான் சொல்லணும்.”

இருபது என்றேன்.

பின்பக்கம் 20. அதற்கு ஈடாக முன்பக்கமும் இறங்க வேண்டும். ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, குழாய்களை 15 மில்லிமீட்டர் மேலே ஏற்றி மறுபடி இறுக்கினார். விளக்கு கீழே வந்தது. தொங்காட்டை அறுத்து, சிறு துண்டை எடுத்துவிட்டு ஒட்டவைத்தார். பின் ஸ்பிரிங்கின் இறுக்கம் என் எடைக்கு அதிகம் என்று சொல்லி வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். “இது உங்களுக்கு. பின்னால ஆள் ஏறினா மறுபடி ரெண்டு படி இறுக்கணும், மறந்துடாதீங்க.” ஒன்றைத் தொட்டால் இன்னொன்றைத் தொட வேண்டியிருக்கிறது. முதல் பட்டறையில் விட்டது அதைத்தான். நானும் கேட்காமல் விட்டதும் அதைத்தான்.

மிச்சத்தை இருக்கையில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கிள்ளானில் ஒரு குஷன் கடை. சீன அந்தி ஒருவரும் அவர் மகனும் நடத்துகிறார்கள். நான் போனதும் “ஸ்பாஞ்சை எல்லாம் வெட்டிடுங்க அந்தி” என்றேன். அவர் ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, என்னை உட்காரவைத்து, என் தொடை இருக்கையை எங்கே உரசுகிறது என்று இரண்டு பக்கமும் கோடு போட்டார். மேலே வெட்டினால் ஒரு மணி நேரத்தில் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் உனக்குத் தெரியும், பக்கத்தில் வெட்டினால் கால் இறங்கும் என்று மலாயில் விளக்கினார். மேலே 15 மில்லிமீட்டர்தான் சீவினார். முன்பக்கம், டாங்கிக்கு அருகில், இரண்டு ஓரத்தையும் நன்றாகச் செதுக்கிச் சரித்துவிட்டார். பழைய உறையையே இழுத்து ஊசியடித்துக் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்தால், மோட்டார் எனக்காக இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது போலிருந்தது. என் உடம்பை அளந்து யாராவது கோடு போட்டுச் செய்து கொடுத்தது, பள்ளிச் சீருடைக்குப் பிறகு அதுதான்.

இப்போதும் இரண்டு பாதமும் முழுதாகப் படாது. இரண்டு நுனிக்காலும் படும். இடுப்பைத் தள்ளினால் இடது பாதம் உறுதியாக நிற்கும். மேரு சாலையில் அதே விளக்கில் இப்போது இரண்டு அடி முன்னால் நிற்கிறேன்.

தோட்டத்துக்கு முதலில் தனியாகத்தான் போனேன். செம்மண் சாலையில் ஒரே ஓர் இடத்தில், லோரிச் சக்கரங்களுக்கு நடுவில் மேடு கட்டியிருந்த இடத்தில், என்ஜினுக்கு அடியிலிருக்கும் தகடு ‘கர்’ரென்று உரசியது. இறக்காமல் இருந்திருந்தால் உரசியிருக்காது என்று நினைக்கிறேன். முன்பு மாதிரி 40 இறக்கியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கோயில் பூட்டியிருந்தது. முன்னாலிருந்த அரசமரம் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கிணறு இருக்கா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். “நீ போயி என்னா பாத்த?” என்றார்.

அடுத்த ஞாயிறு தம்பி ரொட்டி சானாய் வாங்க என் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். அவன் உயரம் 178. திரும்பி வந்து சாவியை மேசைமேல் போட்டான். “முட்டி எங்கியோ மடங்குதுக்கா. இத இனிமே ஒன்னத் தவிர யாரும் ஓட்ட முடியாது.” குறையாகத்தான் சொன்னான். விற்கும்போது இது எனக்கும் குறைதான். பழைய டாக் போனைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் சமிக்ஞை விளக்கில் அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு, நான் பொய் சொன்ன அதே தம்பி வாயிலிருந்தே பதில் வந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா புடவையை மாற்றிக்கொண்டு சுடிதாரில் வந்து நின்றார். அப்பாவின் சி70க்குப் பிறகு அவர் எந்த மோட்டாரிலும் ஏறியதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பிரிங் வளையத்தை இரண்டு படி இறுக்கினேன். வாசல் படியை ஒட்டி மோட்டாரை நிறுத்தி, ஏறி, இடுப்பைத் தள்ளி இடது காலை ஊன்றிக்கொண்டேன். அம்மா படிமேல் நின்று என் தோளைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

“பின்னாடியும் கொஞ்சம் எறக்கியிருக்கலாம்” என்றார்.

அவர் எடைக்கு மோட்டார் மெல்ல அமுங்கியது. இறுக்கியிருந்தும் அமுங்கியது. என் குதிகால் முதல் தடவையாகத் தரையில் பட்டது.

“செம்மண்ணுல மேடு வரும்மா, அடியில இடிக்கும்.”

“இடிச்சா நான் எறங்கி நடந்துக்கிறேன். நீ எடு.”